பழனி பாதயாத்திரைக்கு எதை எடுத்துச் செல்வது, எதை வீட்டிலேயே விட்டுச் செல்வது: முழுமையான வழிகாட்டி

தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடப்பவர்கள் தமிழகத்தின் பல திசைகளிலிருந்தும் புறப்படுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியிலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக வரும் நகரத்தார் காவடிகளின் பாதை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுடையது. மதுரையிலிருந்து நடப்போருக்கு 120 கிலோமீட்டர் அளவிலும், திண்டுக்கல்லில் தொடங்குவோருக்கு 60 கிலோமீட்டர் அளவிலும் பயணம் முடிகிறது. மேற்கே உடுமலை, பொள்ளாச்சிப் பக்கமிருந்தும், வடக்கே தாராபுரம் வழியாகவும் பல குழுக்கள் வருகின்றன. தூரம் எதுவாயினும், முதன்முறையாக நடக்கப்போகிறவர் கேட்கும் கேள்வி ஒன்றே: பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

அதற்கு விடை சொல்வதற்கு முன் இந்தப் பாதையின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். பூச நாட்களில் இந்தச் சாலைகளில் சில கிலோமீட்டருக்கு ஒரு பந்தலாவது இருக்கும்; அங்கே இட்லியும் சாம்பார் சாதமும் சுக்குக் காபியும் மோரும் கேட்காமலே கைக்கு வரும்; வெந்நீர் வைத்து, எண்ணெய் தடவிக் கால் பிடித்துவிடுகிற அன்பர்களும் உண்டு. ஆகையால் மலைக்காட்டுக்குள் நடப்பவர்களுக்கென எழுதப்பட்ட பொருட்பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொண்டால், இந்தச் சாலை இலவசமாகத் தருவதையெல்லாம் நாம் தோளில் சுமந்துகொண்டு நடப்போம். இந்தச் சாலையால் தர இயலாதவை நான்கு: பாதத்திற்கான காப்பு, இரவுப் பனியைத் தாங்கும் போர்வை, இருட்டில் வாகன ஓட்டியின் கண்ணில் படுவதற்கான ஏற்பாடு, நம் உடலுக்கென்றே உரிய மருந்து. இந்த நான்கையும் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், மற்றவை பெரும்பாலும் சுமையே.

புறப்படும் முன் முடிவு செய்ய வேண்டியவை

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் எந்த மாதத்தில் நடக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். தைப்பூசத்தில் பகல் வெயில் தாங்கக்கூடியது. பின்னிரவுப் பனிதான் சோதனை. பங்குனி உத்திரத்திற்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்து வருவோருக்கு நிலைமை தலைகீழ்: இரவில் ஒரு மெல்லிய துண்டே போர்வையாகப் போதும், ஆனால் முற்பகல் பத்து மணிக்கே தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த வழிகாட்டி பூசத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. உத்திரத்திற்கு மாறுகிறவற்றை அங்கங்கே சுட்டியிருக்கிறேன்.

அடுத்தது, குழுவோடு செல்கிறீர்களா, தனியாகவா என்பது. பெரும்பாலான குழுக்களில் சாமான் வண்டி ஒன்று உடன் வரும். அப்படியென்றால் உங்களுக்கு இரண்டு பைகள் தேவை: வண்டியில் போகும் பெரிய பை ஒன்று, உடலோடு இருக்கும் சிறிய பை ஒன்று. வண்டி முன்னதாகவே தங்குமிடம் சென்றுவிடும். கூட்ட நெரிசலில் காவல்துறை அதை வேறு வழியாகத் திருப்பிவிடுவதும் நடக்கும். எனவே ஓர் இரவு முழுவதும் வண்டியைக் காணாவிட்டாலும் சமாளிக்கத் தேவையானவை சிறிய பையில்தான் இருக்க வேண்டும். தனியாக நடப்பவருக்கு ஒரே பைதான். தண்ணீர் நீங்கலாக அதன் எடை 4 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெறுங்காலில் நடப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கூடுகிற ஒவ்வொரு கிலோவும் நேரே உள்ளங்காலில்தான் இறங்குகிறது.

காவடி எடுப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: தோளில் காவடித்தண்டு இருக்கும்போது முதுகுப்பையின் வார் அதே இடத்தில்தான் விழும், இரண்டும் ஒன்றையொன்று உராய்ந்து தோலை எடுத்துவிடும். அவர்களுக்கு முதுகுப்பை ஆகாது. இடுப்பில் கட்டும் சிறிய பையும், தண்டுக்கு அடியில் நான்காக மடித்துப் போடும் பருத்தித் துண்டும் போதும். மற்றதை வண்டியிலோ உடன் வருபவரிடமோ கொடுத்துவிட வேண்டும்.

பாதம்

வெறுங்காலில் நடப்பதென்று நேர்ந்துகொண்டவர்களுக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு மார்கழி முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். மாலை போட்டு விரதம் இருக்கும் நாட்கள் பாதத்தைப் பழக்குவதற்கும் மிக வசதியானவை. விடியற்காலையில் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்து போய் வருவதில் தொடங்கி, முதல் வாரம் மண்பாதையிலும் சிமெண்டுத் தரையிலும், இரண்டாம் வாரத்திலிருந்து தார்ச்சாலையிலும் நடந்து, மாத இறுதிக்குள் ஒரே மூச்சில் 10 கிலோமீட்டர் நடக்கும் நிலைக்கு வர வேண்டும். உள்ளங்கால் தோல் தடிப்பதற்கு வாரங்கள் ஆகும். கடையில் வாங்கும் எந்தக் களிம்பும் அதை மூன்று நாளில் செய்து தராது.

பித்தவெடிப்பு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் வலிக்காமல் இருக்கும் வெடிப்பு, முதல் நாள் 25 கிலோமீட்டர் நடந்தபின் பிளந்து இரத்தம் கசியும். அதில் சாலைப் புழுதி புகுந்தால் சீழ் பிடிக்கும். ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் காலை வெந்நீரில் ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிப் படுத்து வந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். எண்ணெய் இரவுக்கு மட்டும்தான். நடக்கும் முன் தடவினால் மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டிக்கொள்ளும். நகத்தைப் புறப்படும் நாளில் வெட்டாமல் ஒரு வாரம் முன்பே, மூலைகளைக் குடையாமல் நேராக வெட்டிவிட வேண்டும். உள்ளங்காலில் மருதாணி இட்டுக்கொள்ளும் பழக்கமும் பலரிடம் உண்டு. குளிர்ச்சி என்பார்கள், கெடுதல் ஒன்றும் இல்லை.

வெறுங்காலில் நடப்பவர் தம் பையில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய கருவி முள்வாங்கி. சாலையோரம் சீமைக்கருவேலம் இல்லாத ஊர் இந்தப் பாதையில் அரிது; புல்தரையில் ஒதுங்கினால் நெருஞ்சி. ஊக்கினால் குத்திக் குத்தி முள் எடுப்பதைவிட, நுனி நன்றாகப் பொருந்தும் முள்வாங்கியும் சிறு டார்ச்சும் இருந்தால் இரண்டு நிமிட வேலை. வாங்கும்போது ஒரு தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் பிடித்தால் அது நல்ல முள்வாங்கி.

வெயில் ஏறியபின் தார் சுடும்போது அனுபவசாலிகள் சாலையோரத்து வெள்ளைக்கோட்டின் மேல் நடப்பதைக் காணலாம். கறுப்புத் தாரைவிட அது குறைவாகச் சுடும், வழவழப்பாகவும் இருக்கும். பனியில் நனைந்த விடியற்காலையில் அதே கோடு வழுக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். திண்டுக்கல்–பழனிச் சாலையின் சில பகுதிகளில் பாதயாத்திரை செல்வோருக்கென்றே தனி நடைபாதை இருக்கிறது; இருக்கும் இடத்தில் அதை விட்டு இறங்க வேண்டாம்.

தடித்த பருத்திக் காலுறையை மட்டும் அணிந்து நடப்பவர்களும் உண்டு. நேர்ச்சைக்கும் சூட்டுக்கும் இடையே அவரவர் செய்துகொள்ளும் சமரசம் அது. உத்திரத்து வெயிலில் அது உண்மையிலேயே உதவும். ஆனால் ஒரு நாள் நடையில் ஒரு இணை கிழிந்துவிடும் என்று கணக்கிட்டு, நாளுக்கு ஒன்று வீதம் மலிவான காலுறைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். நனைந்தாலோ உள்ளே மண் புகுந்தாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.

நீரிழிவு நோயாளிகளுக்கு என் சொல் கடுமையானது: வெறுங்காலில் நடக்க வேண்டாம். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும். சுடுவதும் குத்துவதும் அவர்களுக்குத் தெரியாமலே புண் ஆழமாகிவிடும். பாதம் சுடுவதை உணராத ஒருவர் கொதிக்கும் தாரில் நிம்மதியாக நடப்பதைப் பார்த்து அவருடைய பக்தியை வியப்பவர்கள், மறுநாள் அவருடைய காலைப் பார்ப்பதில்லை. மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, மென்மையான உட்தளம் உள்ள காலணியோடு நடப்பதே அவர்களுக்கு ஏற்றது.

காலணி அணிவோருக்கு

வீட்டில் போடும் ரப்பர் செருப்பு நீண்ட நடைக்கு மிகவும் மோசமான தேர்வு. அது காலை விட்டு நழுவாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கும். மாலைக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், விரலிடுக்கு புண்ணாகும், போதாக்குறைக்கு வாரும் பிய்ந்துகொள்ளும். குதிகாலின் பின்புறம் வார் உள்ள சாண்டல் இந்தப் பாதைக்கு நல்லது: காற்றோட்டம் உண்டு, பந்தலிலும் கோயில் வாசலிலும் எளிதாகக் கழற்றலாம், கால் வீங்கினால் வாரைத் தளர்த்தலாம். நீர் பட்டாலும் சீக்கிரம் உலரும். ஓட்டக் காலணி அணிய விரும்புவோர், மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது கடைக்குப் போய், கட்டைவிரலுக்கு முன் ஒரு விரற்கடை இடம் இருக்குமாறு வாங்க வேண்டும். காலுறை பருத்தியில் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து கொப்புளத்தை வரவழைப்பது பருத்திதான். விளையாட்டு வீரர்கள் அணியும் செயற்கை இழைக் காலுறை இரண்டு இணை போதும், ஒன்று காலில், ஒன்று காய்ந்துகொண்டு.

எந்தக் காலணியாயினும் யாத்திரைக்கென்று புதிதாக வாங்கி முதல் நாளில் அணியக் கூடாது. குறைந்தது 50 கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும்.

உடை

பச்சையோ காவியோ மஞ்சளோ, உங்கள் மரபு எதுவோ அந்த நிறத்தில் நான்கு முழ வேட்டிகள் இரண்டு. எட்டு முழ வேட்டி எடை கூடியது, காய நேரமாகும், காற்றில் காலைச் சுற்றிக்கொள்ளும். வேட்டிக்குள் தொடையோடு ஒட்டி முழங்காலுக்குச் சற்று மேல் வரை வரும் அரைக்கால் உள்ளாடை அணிவது மிக முக்கியம். முதல் நாள் மாலையில் நடையை நிறுத்துகிறவர்களில் பலரை வீழ்த்துவது கால்வலி அல்ல, தொடை இடுக்கு உராய்ந்து புண்ணாவது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் அதை மோசமாக்கிக்கொள்கிறார்கள். உள்ளாடையோடு, புறப்படும் முன் தொடையிடுக்கில் சிறிது வாசலின் தடவிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

மேலுக்கு இரண்டு மெல்லிய சட்டையோ பனியனோ போதும். துண்டு விஷயத்தில் பூந்துவாலையை வீட்டிலேயே விட்டுவிட்டு, காசித்துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குளித்தபின் துவட்ட, வெயிலில் நனைத்துத் தலையில் போட, காவடிக்கு அடியில் வைக்க, இரவில் தலையணையாகச் சுருட்ட என்று ஒரே துண்டு பல வேலை செய்யும். பையின் மேல் விரித்துக் கட்டிக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

பெண்களில் சேலையோடு நடப்பவர்கள் கனமில்லாத பருத்திச் சேலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சின்னாளபட்டிச் சுங்குடி போன்றவை உடலோடு இழையும், சீக்கிரம் உலரும். சேலையைக் கணுக்காலுக்கு மேல் இருக்குமாறு சற்று ஏற்றிக் கட்ட வேண்டும். நுனி பனியில் நனைந்து கனத்துக் காலில் அடித்துக்கொண்டே வந்தால் நடை தளரும். பாவாடை நாடா இடுப்பில் பதிந்து புண்ணாக்குவது பலருக்கும் தெரிந்த தொல்லை. நாடாவுக்குப் பதில் அகலமான பட்டையோ எலாஸ்டிக்கோ வைத்துத் தைத்துக்கொள்ளலாம். சுடிதாரே வசதி என்பவர்கள் தயங்காமல் அதை அணியலாம். தொடைப் பகுதியில் தையல் முடிச்சு உறுத்தாததா என்று மட்டும் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நாள் கணக்கு தள்ளியிருந்தாலும் நாப்கின்களைக் கையோடு வைத்திருப்பது நல்லது, நடையின் அயர்ச்சியில் நாள் முன்பின் ஆவதுண்டு. பயன்படுத்தியதைச் சுற்றி வைக்கப் பழைய செய்தித்தாளும் ஒரு மூடிய பையும் வேண்டும். எல்லாத் தங்குமிடத்திலும் குப்பைத்தொட்டி இருக்காது. இரவில் ஒதுங்குவதற்குத் துணையாகப் போகிறவருக்கும் சேர்த்து ஒரு டார்ச் இருக்கட்டும்.

பை

ஒரே தோளில் தொங்கும் ஜோல்னாப் பை பார்க்க யாத்திரைக்குப் பொருத்தமாகத் தோன்றும். சில கிலோமீட்டருக்குப் பிறகு அது ஒரு பக்கமாக இழுத்து, இடுப்பை வளைத்து, எதிர்ப்பக்க முழங்காலில் வலியாக முடியும். அரைக் கிலோவுக்கு மேல் சுமை என்றால் இரு தோளிலும் மாட்டும் முதுகுப்பையே வேண்டும். 20 லிட்டர் கொள்ளளவுள்ள பள்ளிப்பிள்ளைப் பை போதுமானது. மார்பின் குறுக்கே மாட்டும் பட்டி இருந்தால் வார் தோளை விட்டு நழுவாது. இல்லாவிட்டால் ஒரு நாடாவைத் தைத்துக்கொள்ளலாம். தையற்காரருக்கு ஐந்து நிமிட வேலை. பெரிய பை வாங்காதீர்கள். இடம் இருந்தால் அதை நிரப்பாமல் இருக்க மனம் வராது.

பையின் உட்புறம் முழுவதற்கும் ஒரு தடித்த பாலித்தீன் உறையைப் போட்டு, பொருள்களை அதற்குள் வைத்து வாயைச் சுருட்டிவிடுங்கள். தையில் மழை பெய்வது அரிது என்றாலும், திறந்தவெளியில் வைத்த பை விடியும்போது பனியில் நனைந்திருக்கும். உள்ளே இருக்கும் மாற்றுடையும் நனைந்தால் அன்றைய நாள் வீண்.

இரவுப் படுக்கை

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா சொன்ன சொல் அல்ல. சிறுமலையும் கரந்தமலையும் அருகிருக்கும் நத்தம்–திண்டுக்கல் பகுதியில், மாந்தோப்பில் படுத்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். இங்கே பலர் செய்யும் தவறு, மேலே போர்த்துவதில் காட்டும் அக்கறையைக் கீழே விரிப்பதில் காட்டாதது. உடல் வெப்பத்தைத் தரைதான் விரைவாக இழுக்கிறது. சிமெண்டுத் தரையில் ஒரு விரிப்போடு படுத்துக்கொண்டு மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் இடுப்பும் தோளும் விறைத்துப்போகும்.

கோரைப்பாய் நல்ல தடுப்புதான், ஆனால் நீளமானது, தூக்கிச் செல்ல அவஸ்தை. மடிக்கக்கூடிய பிளாஸ்டிக் பாய் ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. யோகாசனத்திற்கு விரிக்கும் மெல்லிய நுரைப்பாயை இடுப்பிலிருந்து தலை வரை வரும் அளவுக்கு வெட்டிச் சுருட்டிக்கொள்வதே எடைக்கும் சுகத்திற்கும் பொருந்திய வழி; காலுக்குக் கீழே பையை வைத்துக்கொண்டால் வீக்கமும் வடியும். வண்டி உடன் வருமானால் கோரைப்பாயும் சமுக்காளமும் தாராளமாகக் கொண்டுவரலாம்.

போர்வைக்குச் சென்னிமலைப் பருத்திப் போர்வை ஒன்று போதும். கம்பளி எடைக்குக் கட்டுப்படியாகாது, வியர்த்த உடலில் குத்தவும் செய்யும். அதோடு காதை மூடும் குல்லாவோ மப்ளரோ கண்டிப்பாக வேண்டும். பின்னிரவு மூன்று மணிக்குக் கிளம்பி நடக்கையில் குளிர் முதலில் பிடிப்பது காதைத்தான். கொசு விரட்டும் களிம்பு சிறிய குழாய் ஒன்று. கொசுவலை கட்ட இடம் கிடைக்காது.

இருட்டில் கண்ணில் படுவது

வெயிலைத் தவிர்க்க விடியலுக்கு முன்னும் மாலைக்குப் பின்னும் நடப்பதுதான் வழக்கம் என்பதால், இந்த யாத்திரையின் பாதி இருட்டில் நடக்கிறது. பச்சை வேட்டியும் காவித் துண்டும் இரவில் கறுப்பாகவே தெரியும். வேகமாக வரும் வண்டியின் ஓட்டுநர் உங்களைக் காணும்போது நிறுத்துவதற்கான தூரம் முடிந்திருக்கும். இந்தச் சாலையில் இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை, ஆயினும் பலருடைய பட்டியலில் இது கடைசியில்தான் வருகிறது.

ஒளியைத் திருப்பி வீசும் பட்டையை மீட்டர் கணக்கில் வாங்கி, பையின் பின்புறமும் இரு பக்கமும் தைத்துக்கொள்ளுங்கள். கணுக்காலில் கட்டும் பட்டை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது: அசையாத ஒளிப்புள்ளியை ஓட்டுநர் மைல்கல் என்றோ கம்பம் என்றோ நினைக்கலாம், மேலும் கீழும் ஆடும் ஒளியைக் கண்டால் நடக்கும் மனிதன் என்று உடனே புரியும். காவல்துறையினர் வழியில் ஒளிரும் வில்லைகள் ஒட்டிவிடுவதுண்டு. அதை நம்பி வெறும் பையோடு வர வேண்டாம். குழுவின் கடைசியில் வருபவர் மிதிவண்டிக்குப் பொருத்தும் சிவப்பு விளக்கு ஒன்றை முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

கையில் பிடிக்கும் டார்ச்சைவிட நெற்றியில் கட்டும் விளக்கு வசதியானது, கை இரண்டும் ஓய்வாக இருக்கும். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி அதைக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்ள வேண்டும். தனி நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர்பின் ஒருவராக நடப்பதே பாதுகாப்பு. காதில் பாட்டுக்கருவி மாட்டிக்கொண்டு இரவில் நடக்கவே கூடாது.

மூங்கில் தடி ஒன்று கையில் இருப்பது நல்லது. சோர்ந்த நேரத்தில் முழங்காலுக்குத் துணை, ஊர் எல்லையில் நாய்களுக்கும் அது ஒரு செய்தி.

தண்ணீரும் உணவும்

ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதும். நிரப்பிக்கொள்ள இடங்கள் நிறைய. கனமான ஸ்டீல், செம்புப் பாட்டில்கள் வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் ஒன்றும், முடிந்தால் சிறு தட்டு ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள்: ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 முதல் தடை இருந்தும், நெரிசல் நாட்களில் சாலையோரம் காகிதக் குவளைகளும் தட்டுகளும் குவிவதை எல்லாரும் பார்க்கிறோம். அந்தக் குவியலைத்தான் பின்னால் வருகிறவர் வெறுங்காலால் மிதிக்கிறார்.

உணவு மூட்டை தேவையில்லை. பந்தல் இல்லாத இடைவெளிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடக்க முடியாது என்பதால், கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளாமல் பாதி வயிற்றோடு எழுந்துவிடுவதே நல்லது.

மருந்துப் பை

ஒவ்வொருவரும் தனக்கென வைத்திருக்க வேண்டியது கைக்குட்டை அளவுப் பொட்டலம்தான். கிருமிநாசினிக் களிம்பு, பஞ்சுத்துணி, மைக்ரோபோர் ஒட்டுநாடா, கிரேப் பட்டி ஒன்று, பாராசிட்டமால், உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வலித்தைலம் ஆகியவற்றோடு முன்சொன்ன முள்வாங்கியும் வாசலினும். உப்பு–சர்க்கரைக் கரைசலில் 200 மில்லிக்கு உரியதும் ஒரு லிட்டருக்கு உரியதும் என இரு அளவுகள் கடையில் கிடைக்கும். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பது நன்மைக்குப் பதில் தீமை செய்யும்.

வலி மாத்திரைகளில் எச்சரிக்கை வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை, வியர்த்து நீர் வற்றிய உடலோடும் காலி வயிற்றோடும், நடப்பதற்காகவே திரும்பத் திரும்பப் போடுவது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். வலியை மறைத்துக்கொண்டு நடந்தால் தசைநார்ச் சேதமும் கூடும்.

கொப்புளம் சிறிதானால் உடைக்காமல் மேலே ஒட்டுநாடா ஒட்டி நடக்கலாம். நடக்கவே முடியாத அளவு பெரிதானால், நெருப்பில் காட்டி ஆறவைத்த சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலை உரிக்காமல் களிம்பு தடவி மூடிவிட வேண்டும். நூல் கோத்துக் கொப்புளத்திற்குள்ளேயே விட்டுவைக்கும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நூல் வழியாகவே அழுக்கும் உள்ளே போகும்.

தனுர்வாத ஊசி போட்டு ஐந்தாண்டுக்கு மேல் ஆனவர்கள், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் பயண நாட்களைவிட மூன்று நாளுக்கு அதிகமாகவே, உடலோடு இருக்கும் பையில் வைத்திருக்க வேண்டும். நடை கூடும்போது இரத்தச் சர்க்கரை இறங்கும் என்பதால் மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்பே பேசிவிட்டு, நான்கு மிட்டாய்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் சாமான் வண்டியில் விட்டுவைக்கக் கூடாது.

கைபேசி, பணம், அடையாளம்

மண்டபங்களில் இருக்கும் ஒன்றிரண்டு மின்செருகிகளைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். 10,000 மில்லியாம்பியர் மணி திறனுள்ள பவர்பேங்க் கால் கிலோ எடைதான். கைபேசியைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் அது சில நாட்களுக்குக் காணும். கூட்ட நாட்களில் இணையம் திணறும் என்பதால் சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் வேண்டும். அதை இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். ஆதார் நகல் ஒன்று, அதன் பின்புறம் வீட்டு எண், இரத்த வகை, தொடர்ந்து சாப்பிடும் மருந்தின் பெயர். நகைகளை வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஒத்திகையும் களைதலும்

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு, எடுத்துச் செல்லப்போகும் பையை அப்படியே கட்டி, உடுத்தப்போகும் உடையோடு, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். எந்த வார் உறுத்துகிறது, எந்தத் தையல் உராய்கிறது, விளக்கின் வெளிச்சம் போதுமா என்பதெல்லாம் அந்த ஒரு நடையிலேயே தெரிந்துவிடும்; சரிசெய்யவும் நாள் இருக்கும். திரும்பி வந்ததும் பையைத் தரையில் கொட்டி, "இது இல்லாவிட்டால் வழியில் என்ன ஆகும்?" என்று ஒவ்வொரு பொருளாகக் கேளுங்கள். "பந்தலில் கிடைக்கும்", "உடன் வருபவரிடம் இருக்கிறது", "ஒட்டன்சத்திரத்தில் வாங்கிக்கொள்ளலாம்" என்ற விடை வருகிறவற்றைத் திரும்ப எடுத்து வைக்கக் கூடாது. மூன்றாவது சட்டை, முழு சோப்புக்கட்டி, பெரிய பற்பசை, பூசைச் சாமான்கள், ஜீன்ஸ் கால்சட்டை ஆகியவை பொதுவாக இந்தக் கட்டத்தில் வெளியேறும்.

மலையடிவாரத்தில்

சண்முக நதியில் நீராடும் எண்ணம் உள்ளவர்கள் மாற்று வேட்டியைப் பையின் மேல்பகுதியிலேயே வைத்துக்கொள்ளலாம். பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் முதல் கைபேசிக்குத் தடை இருப்பதால், அடிவாரத்தில் அதை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். குழுவினர் மேலே பிரிந்துவிட்டால் பேசி அழைக்க வழியில்லை, ஆகவே இறங்கியபின் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதை ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நாள் கணக்கில் சமதளத்தில் நடந்த காலுக்கு ஏறத்தாழ 690 படிகளும் புதிய வேலை. முழங்கால் வலி உள்ளவர்கள் சாய்வாக ஏறும் யானைப்பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். ஏறும்போது கையில் காவடியோ பால்குடமோ, இடுப்பில் சிறிய பையோ தவிர வேறெதுவும் வேண்டாம்.

நகரத்தார் காவடிகளோடு வருபவர்கள் நடந்தே திரும்புவார்கள். அவர்களுக்கு ஒட்டுநாடாவும் காலுறையும் இரு மடங்கு தேவைப்படும். பேருந்தில் திரும்புவோர் அடிவாரத்தில் ஓர் இணை மென்மையான செருப்பு வாங்கிக்கொள்ளலாம். நடை நின்ற பிறகுதான் கால் முழுவதுமாக வீங்கும் என்பதால், வழக்கமான அளவைவிட ஓர் எண் பெரிதாகப் பார்த்து வாங்குங்கள்.